அண்ணனின் ரத்தத்தில் வளர்ந்தது

அண்ணன் இறந்த எட்டாவது மாதத்தில் அவருடைய மூளை என்று ஒரு படம் எனக்கு மின்னஞ்சலில் வந்தது.

மூளை என்று சொல்லக் கூடாது என்று அனுப்பியவரே கீழே எழுதியிருந்தார். மூளையில் உள்ளவை போன்ற உயிரணுக்கள் கூடி வளர்ந்த சிறு உருண்டை, அவ்வளவுதான். ஆனாலும் என் மனதில் முதலில் விழுந்தது அந்தச் சொல்தான். காலை ஏழு மணி இருக்கும். பதுளை பஸாரில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் உள்ள ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நான் வேலை செய்கிறேன். ரத்தத்தில் சீனி பார்க்க வெறும் வயிற்றோடு வந்தவர்கள் வாங்கில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இளஞ்சிவப்புத் திரவத்தில் ஆறேழு வெளிறிய உருண்டைகள். ஒவ்வொன்றும் மிளகு அளவு. சிலவற்றின் மேல் கறுப்புப் புள்ளிகள். படத்தின் மூலையில் பெயர் இல்லை, ஓர் எண் மட்டும் இருந்தது. அந்த எண்ணை அண்ணனின் ரத்தம் இருந்த குழாயில் ஒட்டியது நான்தான்.

அன்று காலை முதலாவதாக வந்த ஓர் அம்மாவின் கையில் எனக்கு நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு தடவை குத்தினேன். பதினோரு வருட வேலையில் அப்படி எனக்கு நடந்ததே இல்லை.

அண்ணன் என்னை விடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஹல்துமுல்லைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, லயம் எனும் அதே வரிசை வீட்டில் வாழ்ந்து, அங்கேயே வேலை பார்த்தவர். நான் படித்து டிப்ளோமா எடுத்துப் பதுளைக்கு வந்ததற்கு அவருடைய முதுகுதான் காரணம். தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை அவருக்கு. களைகொல்லி நிரப்பிய டாங்கியை முதுகில் சுமந்துகொண்டு மலை ஏறி இறங்குவார். ஞாயிற்றுக்கிழமைகளில் வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்குத் தோட்டங்களுக்கு மருந்தடிக்கப் போவார். அங்கே மருந்து இன்னும் காரம் என்பார். டாங்கியின் மூடி எப்போதும் கசியும். வீட்டுக்கு வரும்போது சட்டையின் முதுகுப்பக்கம் ஈரமாக இருக்கும். அந்தச் சட்டையை லயத்துப் பொதுப் பீலியில் கொட்டும் தண்ணீரில் அலசிப் போடுவது அண்ணியின் வேலை. விடியற்காலையில் தூள் மருந்தைத் தண்ணீரில் கலக்கிக் கொடுப்பதும் அண்ணிதான். கைக்குக் கிடைத்த குச்சியால் கலக்குவார்.

நாற்பத்து நான்கு வயதில் அண்ணனுக்கு வலது கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் பெருவிரல் மட்டும். பீடி சுருட்டுவது போல அது தானாகவே சுட்டுவிரலைத் தேய்த்துக்கொண்டிருக்கும். பிறகு கை முழுவதும். பிறகு நடை. காலைத் தரையிலிருந்து தூக்க மறந்தவரைப் போல உரசி உரசி நடப்பார். தோட்டத்து மருந்தகத்தில் அவரைப் பார்த்தவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "எத்தன வருசமா குடிக்கிற?" அண்ணன் வாழ்நாளில் குடித்ததில்லை. தீபாவளிக்குக்கூட. அதை அந்த ஆளும் நம்பவில்லை, லயத்தில் பாதிப் பேரும் நம்பவில்லை.

ஒருநாள் பெரகல சந்தியில் பஸ்ஸுக்குள் ஏறிய அண்ணனை நடத்துநர் இறக்கிவிட்டுவிட்டார். நடையைப் பார்த்துக் குடித்திருக்கிறார் என்று நினைத்திருக்கிறார். அண்ணன் எதுவும் சொல்லாமல் இறங்கி, அந்த இறக்கத்தை நடந்தே கடந்து வீட்டுக்கு வந்தார். வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. இதை அவர் எனக்குச் சொல்லவில்லை. அண்ணிதான் சொன்னார்.

அதனால்தான், பிற்பாடு அந்தப் படத்தை அனுப்பிய ஆராய்ச்சியாளர் முதன்முதலில் எங்கள் கூடத்துக்கு வந்தபோது நான் உடனே அண்ணனின் பெயரைச் சொன்னேன். அவர் பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பெண். வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிறார். மருந்தடித்த ஆட்களுக்கு ஏன் நடுக்கம் வருகிறது என்று பார்க்க வேண்டும் என்றார். உயிரோடு இருக்கிறவரின் மூளையைத் திறந்து பார்க்க முடியாது. ஆனால் அவருடைய ரத்தத்தில் உள்ள அணுக்களைத் திரும்பவும் கருவில் இருந்த நிலைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மூளை அணுக்களாக வளரவிட முடியும் என்றார். மாதக்கணக்கில் அவை தட்டில் வளர்ந்து உருண்டையாகும். அதை வைத்துச் சூழலில் உள்ள நஞ்சு என்ன செய்கிறது என்று பார்க்கலாம்.

நான் இதை அண்ணனுக்குப் போனில் சொன்னேன்.

"அப்பிடின்னா நான் குடிகாரன் இல்லன்னு தெரிஞ்சிருமா பாப்பா?"

"தெரியலாம்ணே."

"அப்ப வாறேன்."

அவர் வந்த நாளில் தமிழ்ப் படிவம் வந்து சேரவில்லை. ஆங்கிலத்தில்தான் இருந்தது. ரத்தம் அன்று மதியமே ஐஸ் பெட்டியில் கொழும்புக்குப் போக வேண்டும். வண்டிக்காரனிடம் பேச அந்தப் பெண் பக்கத்து அறைக்குப் போகும்போது, "நீங்க வாசிச்சுச் சொல்லுங்க, நான் வந்துர்றன்" என்றார். நான் ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொன்னேன். ஊசி எவ்வளவு வலிக்கும், பெயர் வெளியே வராது, எப்போது வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்லலாம். அண்ணன் தலையாட்டிக்கொண்டே இருந்தார். நல்ல சட்டை போட்டு, தலையை ஈரமாக வாரிக்கொண்டு வந்திருந்தார்.

இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. உங்கள் அணுக்களிலிருந்து வளர்ப்பவற்றின் மேல் நீங்கள் வேலையில் கையாண்ட நச்சு மருந்துகளை இட்டுப் பார்ப்போம் என்பது அதன் பொருள். நான் அந்த இடத்துக்கு வந்ததும், "பலவிதமா சோதிச்சுப் பாப்பாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்கு நானே பல பதில்கள் சொல்லிப் பார்த்துவிட்டேன். அவர் பயந்துவிடுவார் என்று. நேரம் இல்லை என்று. அவர் முகத்தில் அன்றைக்கிருந்த சந்தோஷம் போய்விடும் என்று. எல்லாம் கொஞ்சம் உண்மை. அவர் மாட்டேன் என்று சொல்லிவிட்டால் அந்தப் பெண்ணின் முன்னால் எனக்கு வெட்கமாக இருக்கும் என்பதும் உண்மை.

அவர் கையெழுத்துப் போட்டார். நடுக்கத்தில் எழுத்துக்கள் சிறுத்துச் சிறுத்துக் கடைசியில் கோடாகிவிட்டன. இரண்டு குழாய் ரத்தம் எடுத்தேன். அவர் கையை நான் பிடித்திருந்த அந்த ஒரு நிமிடம் மட்டும் நடுக்கம் நின்றிருந்தது.

ஒன்றரை வருடம் கழித்து அவர் இறந்தார். விழுங்கச் சிரமப்பட்டுக்கொண்டிருந்தார். சாப்பாடு நுரையீரலுக்குள் போய்க் காய்ச்சல் வந்து, பதுளை ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தார். நான் வேலை முடிந்து நடந்து போய்ப் பார்ப்பேன். கடைசி நாளில் கை அசையாமல் கிடந்தது. தூங்குகிறார் என்று நினைத்து நான் தேநீர் குடிக்கப் போனேன்.

மின்னஞ்சல் வந்த வாரத்து ஞாயிறு, அந்த ஆராய்ச்சியாளரே விடுமுறையில் பண்டாரவளைக்கு வந்திருந்ததால், அவரை அழைத்துக்கொண்டு அண்ணியிடம் போனேன். குடும்பத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அவர்தான் பிடிவாதமாகச் சொன்னார். அண்ணி லயத்து வாசலில் கொழுந்துச் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் இறந்த பிறகும் விடியற்காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பெயர் கொடுத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பிள்ளைகள் இருவரும் கொழும்பில் கடைகளில் வேலை. வீட்டில் அவர் மட்டும்தான்.

அந்தப் பெண் போனில் படத்தைக் காட்டி விளக்கினார். அண்ணி அதைக் கையில் வாங்கவில்லை. குனிந்து பார்த்தார்.

"இது அவரா?"

"இல்லம்மா. அவர்ட ரத்தத்துல இருந்து வந்தது. அவர் இல்ல."

"உசிரு இருக்கா?"

"உயிர் இரிக்கு. நம்மட தோல்ல இரிக்கிற மாதிரி."

"இந்தக் கறுப்பு என்னா? மருந்தா?"

"இல்ல, அது நல்ல நிறம். மூளைக்கு நடுவுல அந்த நிறம் எல்லாருக்கும் இரிக்கு. நடுக்கம் வாற ஆக்களுக்கு அந்த இடத்துலதான் அணுக்கள் செத்துப் போறது."

அண்ணி இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தார். அந்தப் பெண் விரலால் தள்ளி இன்னொன்றைக் காட்டினார். ஒரு கோடு. மேலும் கீழுமாகச் சிறு முட்களோடு ஓடிக்கொண்டிருந்தது. அணுக்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் மின்துடிப்பு என்றார்.

"துடிக்குதா," என்றார் அண்ணி. அது கேள்வி மாதிரி இல்லை. "வலிக்குமா?"

"எங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு வலிக்காது. வலிய உணர்றதுக்கு அதுல ஒண்டும் இல்ல. கண் இல்ல, காது இல்ல, உடம்பு இல்ல."

"தெரிஞ்ச அளவுக்குன்னா?"

அந்தப் பெண் அவசரப்படவில்லை. "வலிக்காதுண்டுதான் நான் நம்புறன். சத்தியம் பண்ணிச் சொல்ல ஏலாது."

அவர் அப்படிச் சொன்னதால்தான் அண்ணி அவரை உட்காரச் சொன்னார் என்று நினைக்கிறேன். உள்ளே போய்க் கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு வந்தார். பச்சை விறகு. புகை கதவு வழியாக வந்து எங்களைச் சூழ்ந்தது.

"இத வச்சு என்னா பண்ணுவீங்க?"

"பாதித் தட்டுக்கு மருந்து போடுறம். பாதிக்கு ஒண்டும் போடுறதில்ல. ரெண்டையும் வச்சுப் பாக்கணும்."

"என்னா மருந்து?"

"அவர் அடிச்ச மருந்துதான். கொஞ்சமா."

அண்ணி ஊசியைச் சாக்கில் குத்திவைத்தார். "அதையா? மறுபடியுமா?"

அண்ணி நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தார்.

"அவருக்கு இது தெரியுமா?"

"படிவத்துல இரிக்கும்மா. வாசிச்சுக் காட்டின..." என்று தொடங்கிய அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"நான் வாசிக்கல அண்ணி," என்றேன். "மத்ததெல்லாம் வாசிச்சேன். அந்த ஒரு வரிய மட்டும் விட்டுட்டேன்."

அண்ணி எழுந்து உள்ளே போனார். மூன்று கோப்பைகளோடு வந்தார். அந்தப் பெண்ணுக்குக் கையில் கொடுத்தார். எனக்குரியதைத் தரையில் வைத்தார்.

நாங்கள் கிளம்பும்போது அந்தப் பெண் அவரிடம் சொன்னார்: "நீங்க வேணாம்டு சொன்னா நிப்பாட்டுவம். இதுவரைக்கும் பாத்து எழுதினத அழிக்க ஏலாது. இனிமே செய்யாம விடலாம். யோசிச்சுச் சொல்லுங்க." அண்ணி தலையசைத்தார்.

பாதையில் இறங்கும்போது அந்தப் பெண் என்னிடம் கோபமாகப் பேசவில்லை. ஆய்வின் மேற்பார்வைக் குழுவுக்கு இதை எழுதியாக வேண்டும் என்று மட்டும் சொன்னார். "உங்கள நம்பித்தானே நான் மத்த ரூமுக்குப் போன," என்றார் பஸ் வந்த பிறகு.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் அண்ணி என் அழைப்பை எடுக்கவில்லை.

அண்ணி பதில் சொல்லும்வரை அந்தத் தட்டுகளில் எந்தச் சோதனையும் செய்ய மாட்டார்கள் என்று எனக்குக் கடிதம் வந்தது. ஆனால் சும்மா விட்டால் அவை செத்துவிடும். அதனால் இரண்டு நாளைக்கொரு முறை பழைய திரவத்தை எடுத்துவிட்டுப் புதிய உணவுத் திரவம் ஊற்றுவார்கள். உடம்புச் சூட்டிலேயே வைத்திருப்பார்கள். அந்த ஐந்து வாரமும் நான் நாட்களை அப்படித்தான் வாழ்ந்தேன். இன்று ஊட்டும் நாள், இன்று ஊட்டாத நாள். வாடகை அறையில் தட்டில் சோற்றைப் போட்டு உட்காரும்போது அது நினைவுக்கு வரும். கடைசி மாதங்களில் அண்ணனுக்குச் சோற்றைக் கரைத்துக் கரண்டியால்தான் ஊட்டினார்கள். பாதி வெளியே வந்துவிடும். இங்கே எதுவும் வெளியே வருவதில்லை, வாய் இல்லாமலே எல்லாம் உள்ளே போகிறது என்று நினைப்பேன். தட்டைத் தள்ளிவைத்துவிடுவேன்.

வேலையிலும் அது விடவில்லை. கீழே வீதியில் லொறி போனால் மேசையிலுள்ள கண்ணாடிக் குழாய்கள் தாங்கியில் மெதுவாக நடுங்கும். வருடக்கணக்காகக் கேட்ட சத்தம்தான். இப்போது அது கேட்டால் நான் போய்த் தாங்கியைக் கையால் பிடித்துக்கொள்வேன். மாடிப்படியில் யாராவது வயதானவர் காலை உரசி ஏறி வந்தால் நிமிர்ந்து பார்க்க மாட்டேன். ஆள் வாசலுக்கு வந்து, குரல் கேட்டு, அது வேறொருவர் என்று தெரிந்த பிறகுதான் பார்ப்பேன்.

ஆறாவது வாரம் திங்கட்கிழமை காலை, வாங்கில் நான்காவதாக அண்ணி உட்கார்ந்திருந்தார். விடியலிலேயே பஸ் ஏறியிருக்க வேண்டும். நான் பார்த்ததும் எழுந்து வரவில்லை. தன் முறை வரும்வரை இருந்தார். முறை வந்ததும் உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையை நீட்டி மேசையில் வைத்தார்.

"அவர விட்டுரச் சொல்லு," என்றார். "அவருக்கு ஒரு தரம் போதும்."

"சரி அண்ணி."

"என் கையில எடு. நானும்தானே மருந்து கலக்குனேன். நானும்தானே தொவைச்சேன். எனக்கு ஊத்திப் பாக்கட்டும்."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. பிறகு சொன்னேன்: "அண்ணி, அவரு குடிகாரன் இல்லன்னு காட்டத்தான் ரத்தம் குடுத்தாரு. நிப்பாட்டிட்டா அது பாதியில போயிரும்."

"யாருக்குக் காட்டணும்? பக்கத்துல படுத்தவ நான். எனக்குத் தெரியும்." நீட்டிய கையை எடுக்காமல் சொன்னார்: "அவருகிட்ட கேக்காமச் செஞ்சத வச்சு ஒண்ணும் காட்ட வேணாம். என்னையக் கேளு. நான் உசிரோட இருக்கேன்."

நான் அந்தப் பெண்ணைப் போனில் அழைத்தேன். தமிழ்ப் படிவம் எப்போதோ வந்துவிட்டது. இனிமேல் சம்மதம் வாங்கும் வேலையை நான் செய்யக் கூடாது என்று குழு சொல்லியிருந்தது. அண்ணி அதை ஏற்கவில்லை. "இவதான் வாசிக்கணும். நீங்க போன்ல கேட்டுக்கிட்டு இருங்க," என்றார். அந்தப் பெண் குழுவில் யாரிடமோ கேட்டுவிட்டு, கேள்விகளுக்குத் தானே பதில் சொல்வதாகவும், கையெழுத்துக்கு எங்கள் கூடத்து வைத்தியர் சாட்சியாக இருக்க வேண்டும் என்றும் சொல்லி ஒப்புக்கொண்டார்.

மதியம் கூடம் ஓய்ந்த பிறகு வாசித்தேன். எட்டுப் பக்கம். அந்த வரி வந்ததும் அண்ணி, "அத மறுபடி வாசி," என்றார். வாசித்தேன். "மறுபடி," என்றார். மூன்றாம் தடவை வாசிக்கும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. அண்ணி கேட்டுக்கொண்டார். பிறகு பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டித் தன் பெயரை முழுவதும் எழுதினார்.

அவருடைய நரம்பு கொழுந்து பறிக்கிற கையின் நரம்பு. தேடவே வேண்டியிருக்கவில்லை. நான் ரத்தம் எடுத்து முடித்துப் பஞ்சை வைத்து அழுத்தியபோது, அவர் மற்றக் கையை என் மணிக்கட்டின் மேல் வைத்தார். ஆறுதலா, எழுந்துகொள்ளப் பிடித்தாரா என்று எனக்குத் தெரியாது. "மூணு மணி பஸ்ஸுக்குப் போயிர்றேன்," என்றார்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. அண்ணனுடைய தட்டுகளை வெள்ளிக்கிழமை அப்புறப்படுத்திவிட்டோம் என்று எழுதியிருந்தார்கள். எப்படி, எத்தனை மணிக்கு என்று கேட்டு நான் எழுதினேன். ஆய்வுக்கூடத்தில் எல்லா அணுக்களுக்கும் செய்வதுபோலத்தான், வெளுப்புத் திரவம் ஊற்றி, பிறகு எரித்துவிடுவோம் என்று பதில் வந்தது. மருந்து போடாமல் வைத்திருந்த பாதியையும் சேர்த்துத்தான். நஞ்சு படாத அண்ணன் ஒருவர் ஏழெட்டு மாதம் எங்கோ ஒரு குளிர் நாட்டில், சூடான பெட்டிக்குள், ஒரு கறையும் இல்லாமல் வளர்ந்துகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் அவர் இல்லை என்று தெரியும். தெரிந்தும் அன்று என்னால் ஒருவருக்கும் ஊசி குத்த முடியவில்லை. அரைநாள் லீவு போட்டுவிட்டு ரயில் நிலையத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். பதுளையோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. வந்த ரயில் நின்று, எஞ்சினைக் கழற்றி மறுபக்கம் மாட்டி, மறுபடி வந்த வழியே போனது.

மாலையில் அண்ணியை அழைத்துச் சொன்னேன். வெளுப்புத் திரவத்தையும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். வாய் வரை வந்த வேறு இதமான வார்த்தைகளும் இருந்தன.

அண்ணிக்குப் பின்னால் யாரோ பீலியில் வாளி வைக்கும் சத்தம் கேட்டது.

"எந்த வெள்ளிக்கிழம?"

"போன வெள்ளி. நம்ம நேரத்துக்கு மத்தியானம் ரெண்டு மணி மாதிரி இருக்கும்."

"ரெண்டு மணிக்கு நான் மேட்டு மலையில கொழுந்து பறிச்சுக்கிட்டு இருந்தேன்," என்றார். "நல்ல வெயிலு. பக்கத்து நெரையில ஒருத்தி என்னமோ சொன்னா, சிரிச்சேன்." பிறகு சொன்னார்: "அந்த நேரத்துல எனக்கு ஒண்ணுமே தெரியலயே தங்கச்சி."